கரமனைத் தெருக்களுக்குத் தமிழில் ஒரு செய்தித்தாள்: எதை எழுதுவது, எதை விடுவது?

கேள்வி – கரமனைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். திருவனந்தபுரம் கரமனையில் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சென்ற கூட்டத்தில், மாதம் ஒருமுறை எங்கள் தெருக்களுக்கென்று தமிழில் ஒரு செய்தித்தாள் கொண்டுவருவதென்று முடிவு செய்து, அந்தப் பொறுப்பை என் தலையில் ஏற்றிவிட்டார்கள். கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான். பத்திரிகை வேலை ஒன்றும் அறியேன்.

இந்த எண்ணம் எங்களுக்கு எப்படி வந்தது என்பதைச் சொன்னால்தான் கேள்வி விளங்கும். 2024 செப்டம்பரில், இரட்டை ரயில் பாதைப் பணிக்காகக் குடிநீர்க் குழாயை இடம் மாற்றும் வேலை நீண்டுபோய், நகரின் நாற்பதுக்கும் மேற்பட்ட வார்டுகளில் நான்கைந்து நாள்கள் தண்ணீர் இல்லாமல் போனதும், 9ஆம் தேதி நகரப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் இங்குள்ள பலருக்கு நினைவிருக்கும். என் பக்கத்து வீட்டு மாமி நாகர்கோவிலிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஐம்பது ஆண்டுகளாக மலையாளம் சரளமாகப் பேசுகிறார், ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. தண்ணீர் நிற்கும் என்ற அறிவிப்பு அவருடைய கைபேசிக்கும் வந்திருந்தது. மலையாளத்தில் அச்சான ஒரு படமாக அது வந்ததால், வழக்கமான கோயில் வாழ்த்துப் படம் என்று நினைத்துத் தள்ளிவிட்டார். இரண்டு வாளித் தண்ணீரோடு அவர் முதல் நாளைக் கழித்தார் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. சுவர் ஒட்டிய வீடு என்பதால் அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மாதிரிக்காக நான்கு பக்கத்தில் ஒரு தாள் தயாரித்தேன். கோயில் ஆண்டு விழாப் படம், பொன்மொழி, ஒரு கவிதை, பிறந்தநாள் வாழ்த்துகள், தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள் என்று எல்லாம் இருந்தன. என் மகள் படித்து முடித்து, “இதில் எனக்கு ஏற்கெனவே தெரியாத செய்தி எது அப்பா?” என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள். தெருவுக்கான தாளில் உண்மையில் என்ன இருக்க வேண்டும்? கேள்விப்படுவதை எங்கே உறுதிப்படுத்திக்கொள்வது? முழுக்கத் தமிழிலேயே இருக்கலாமா, அச்சிட வேண்டுமா, கைபேசியில் அனுப்பினால் போதுமா? சட்டச் சிக்கல் ஏதேனும் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

பதில் – சாலைத்தெரு அச்சகத்தார்

ஐயா, சாலைக் கம்போளத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறிய அச்சகம் நடத்தியவன் நான். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கடைத் துண்டுப்பிரசுரம் ஆகியவைதான் என் பிழைப்பு. ராஜா கேசவதாசர் திவானாக இருந்து உண்டாக்கிய அந்தக் கடைத்தெருவில் தமிழ் நோட்டீஸுக்கு என்றும் தேவை இருந்தது, எழுதுபவர்கள்தான் குறைந்தார்கள்.

உங்கள் மகளின் கேள்வியையே தாளின் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். நடந்து முடிந்ததைத் தெருவில் எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். நடக்கப்போவதை, அதுவும் அதனால் தன் வீட்டு வாசலில் என்ன மாறும் என்பதை, யாரும் சொல்வதில்லை. ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் புறப்பட்டுக் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாகக் கரமனைக்கு வந்து சேருவது உங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். ராஜாக்கள் காலத்து வழக்கம் அது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, தெய்வங்கள் ஆண்டுதோறும் மாநில எல்லை தாண்டி வந்து போகின்றன. சரஸ்வதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குவதை ஒரு பக்கம் முழுக்க அழகாக எழுதலாம். ஆனால் அது கட்டுரை. அன்று பிற்பகல் எத்தனை மணி முதல் கரமனைப் பாலத்தில் வண்டி விடமாட்டார்கள், டயாலிசிஸுக்குப் போகிறவர் எந்த வழியாகப் போக வேண்டும், விஜயதசமியன்று குமாரசுவாமி பூஜப்புரைக்குப் போகும்போது எந்தச் சாலை அடைபடும் என்பவைதான் செய்தி. கட்டுரையைக் கடைசிப் பக்கத்தில் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

தேதி விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அச்சகத்தில் நான் பட்ட அடிகளில் பாதி இதனால் வந்தவை. நம் வீடுகளில் தமிழ் மாதமும் கொல்லம் ஆண்டு எனப்படும் மலையாள ஆண்டின் மாதமும் கலந்து புழங்குகின்றன. இரண்டும் சூரியக் கணக்குதான் என்றாலும், சங்கிராந்தி நேரத்தைக் கொண்டு நாளை நிர்ணயிக்கும் முறை இரு பக்கமும் ஒன்றல்ல. 2022இலும் 2023இலும் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் தேதியும் விஷு ஏப்ரல் 15ஆம் தேதியும் வந்தன. 2024இல் இரண்டும் ஒரே நாள். ஒருமுறை “மாதப் பிறப்பன்று அன்னதானம்” என்று மட்டும் நான் அச்சடித்துக் கொடுத்த நோட்டீஸால் பாதிப் பேர் முதல் நாளும் மீதிப் பேர் மறுநாளும் வந்து நின்றார்கள். சமையற்காரர் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. நட்சத்திரம், திதி, மாதம் எதை எழுதினாலும், பக்கத்திலேயே ஆங்கிலத் தேதியையும் கிழமையையும் எழுதுங்கள். கிழமை எழுதினால் தேதிப் பிழை தானே பிடிபட்டுவிடும்.

போகிற போக்கில் ஒரு வேடிக்கை: பத்மநாபசுவாமி கோயிலின் இரண்டு உற்சவங்களுக்கும் மலையாள மாதப் பெயர்களான மீனம், துலாம் என்று சொல்வதில்லை, பைங்குனி, அல்பசி என்றே வழங்குகிறார்கள். நம் பங்குனியும் ஐப்பசியும்தான். அவற்றின் நிறைவில் சுவாமி கடலில் நீராடப் போகும் அந்த இரண்டு ஆராட்டு நாள்களிலும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போவதால், விமான நிலையம் மாலையில் சில மணி நேரம் மூடப்படுகிறது. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும் வீடுகள் உங்கள் தெருவில் நிறைய இருக்குமே, அவர்களுக்கு இந்த ஒரு வரி போதும், தாள் பிடித்துப்போகும்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். 1867ஆம் ஆண்டின் பழைய அச்சகச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த 2023ஆம் ஆண்டின் பருவ இதழ்ப் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பொதுச் செய்தியையோ அதுபற்றிய கருத்தையோ தாங்கிக் குறித்த இடைவெளியில் அச்சாகும் எதுவும் பருவ இதழ் என்ற கணக்கில் வரக்கூடும். எனவே மாதாமாதம் அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. சங்க உறுப்பினர்களுக்கு மட்டும் போகும் சுற்றறிக்கையாகத் தொடங்குவது எளிது. சாலையோரத்தில் பலகை வைத்து விளம்பரப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அனுமதியில்லாத பலகைகளை உயர்நீதிமன்றம் பலமுறை கடுமையாகக் கண்டித்திருக்கிறது.

இன்னொன்று. வார்டு மறுவரையறைக்குப் பிறகு மாநகராட்சியின் 100 வார்டுகள் 101 ஆகிவிட்டன, எல்லைகளும் மாறியுள்ளன. “எங்கள் வார்டில்” என்று பழைய நினைப்பில் எழுதாமல், தெருப் பெயரையே எழுதுங்கள்.

பதில் – ஆற்றுகால் அயல்கூட்டத்தார்

அச்சகத்தார் ஐயா சொன்னதற்கு மேல் இரண்டு மூன்று விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். நான் கேரள அரசின் பெண்கள் திட்டமான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்கள் குழுவில், பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஒரு தெருவில் செய்தி உண்மையில் யார் வழியாக நடக்கிறது என்று பார்த்தால், சங்கச் செயலாளர் வழியாக அல்ல. அங்கன்வாடி ஆசிரியை, ஆஷா பணியாளர், ரேஷன் கடைக்காரர், மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் வாங்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் ஆகிய இவர்களுக்குத்தான் எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார், எந்த வீடு காலியாகிறது என்பது வரை தெரியும். ஒவ்வொரு மாதமும் தாள் எழுதுமுன் இவர்கள் நால்வரிடமும் பேசுங்கள். கவுன்சிலரிடம் பேசுவதைவிட அது பயன் தரும். ஆனால் அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தாளில் வரலாகாது. தடுப்பூசி முகாம் எப்போது என்பது செய்தி. யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது செய்தி அல்ல.

ஆற்றுகால் பகவதிக்குப் பெண்கள் தெருவில் அடுப்பு வைத்துப் பொங்கலிடும் பொங்காலையைப் பற்றிக் கரமனைக்காரர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் தாளுக்கு மிகவும் வேண்டிய நாள் அதுதான். மலையாளக் கும்ப மாதத்தில் பூரம் நட்சத்திர நாளன்று வருவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுகிறது. 2024இல் பிப்ரவரி 25, 2025இல் மார்ச் 13. 2009ஆம் ஆண்டுப் பொங்காலை 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவிலேயே உள்ளது. அவ்வளவு பேரும் கோயில் வாசலில் அடுப்பு வைக்க முடியுமா? கிள்ளிப்பாலம், மணக்காடு, கிழக்கேகோட்டை, உங்கள் கரமனை என்று எல்லாத் தெருக்களுமே அன்று கோயில் முற்றம்தான். வெளியூர்ப் பெண்கள் முந்தைய நாளே மூன்று செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு எந்தெந்த வீடுகளில் கழிப்பறை திறந்திருக்கும், எங்கே குடிநீர் கிடைக்கும், முதலுதவிக்கு யாரை அழைப்பது என்பதைத் தமிழிலும் எழுதி வாசலில் ஒட்டினால், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து வருபவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். பொங்காலை முடிந்ததும் செங்கற்களைத் தெருவிலேயே விட்டுவிட வேண்டும், மாநகராட்சி அவற்றைச் சேகரித்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுக்கிறது என்பதையும் ஒரு வரி சேருங்கள். தெரியாமல் சிலர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

மரண அறிவிப்பைத் தயங்காமல் போடுங்கள். தெருவில் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்; இதைச் சொல்ல வருத்தமாக இருந்தாலும் உண்மை இதுதான். ஆனால் மாதத்தாளுக்குக் காத்திராமல் அன்றே தெரிவிக்க வேண்டியது அது. வீட்டாரிடம் கேட்காமல் காரணம் எழுதாதீர்கள். குழந்தைகளின் படத்தைப் பள்ளிப் பெயரோடு போடுவதை நிறுத்திவிடுங்கள். மதிப்பெண் பட்டியலில் பெயர் வராத பிள்ளையும் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

பதில் – கல்பாத்தி தேர்முட்டி

பாலக்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் கல்பாத்தியில் இத்தகைய தாள் ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்திப் பார்த்தோம். ஒன்பது மாதத்தில் நின்றுபோனது. நின்றதற்கான காரணம் உங்களுக்குப் பயன்படலாம்.

மாயவரத்திலிருந்து வந்த குடும்பங்களின் வழக்கப்படி ஐப்பசிக் கடைசியில் எங்களுக்குத் தேர். விசுவநாதர் தேரும், புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம் கோயில்களின் தேர்களும் மூன்றாம் நாள் மாலை தேர்முட்டியில் கூடும். பின்னாலிருந்து யானை முட்டித் தள்ள, முன்னால் வடம் பிடிக்கும் அந்தக் காட்சியைப் பற்றி எங்கள் தாளில் எட்டுப் பக்கம் எழுதினோம். யாரும் படிக்கவில்லை. எல்லோரும் தேரோடு இருந்தார்கள்.

மாறாக, 2024இல் பாலக்காடு சட்டமன்ற இடைத்தேர்தல் வாக்குப்பதிவை முதலில் நவம்பர் 13 என்று அறிவித்து, தேர்த்திருவிழா காரணமாகத் தேர்தல் ஆணையம் நவம்பர் 20க்கு மாற்றியபோது, நாங்கள் ஒரு அரைப் பக்கத் துண்டு மட்டும் விநியோகித்தோம். புதிய தேதி, வாக்குச்சாவடி இருக்கும் கட்டடம், முதியவர்களுக்கான ஏற்பாடு ஆகிய மூன்றே விஷயங்கள். தேர் முடிந்தும் அந்தத் துண்டு பல வீடுகளில் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. எங்களுடைய ஒன்பது மாத உழைப்பில் உருப்படியான வேலை அது ஒன்றே என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே பக்கத்தைக் குறையுங்கள். எழுத ஒன்றுமில்லாத மாதத்தில் தாளே வேண்டாம். பக்கம் நிரப்பத் தொடங்கிய மாதத்திலிருந்துதான் எங்களுக்குச் சரிவு தொடங்கியது.

எங்கள் ஊரைப் போலப் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் வீட்டு முகப்பை இடித்துக் கட்டவும் தனி அனுமதி வேண்டியிருக்கிறது. இத்தகைய விதிகளை எளிய தமிழில் எழுதிவைத்தால், வீட்டை விற்பதா பழுதுபார்ப்பதா என்று தவிக்கும் முதியவர்களுக்கு அது பெரிய உதவி. உங்கள் வலியசாலை, கரமனை அக்கிரகாரங்களில் நிலைமை என்னவென்று விசாரித்து எழுதுங்கள்.

அரசுக்கு எழுதும் கடிதம் பற்றியும் ஒரு வார்த்தை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969இன்படி, இந்த மாநிலத்தில் உள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை, மொழிச் சிறுபான்மைப் பகுதியென்று அறிவிக்கப்பட்ட இடங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். எங்கள் சித்தூர் வட்டத்துத் தமிழர்களிலேயே பலருக்கு இது தெரியாது. முதல் இதழில் போடத் தக்க செய்தி.

பதில் – எழுத்துக்கூட்டி

வலியசாலையில் வளர்ந்தவள் நான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் படிக்கக் கற்றதே வேலைக்குப் போன பிறகுதான். இந்தத் திரியில் உள்ள நீண்ட பதில்களை அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு படித்தேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

கரமனைக்காரர் ஐயா அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த உங்கள் பக்கத்து வீட்டு மாமிக்காகத் தொடங்கும் தாள், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத அவருடைய பேத்தியை வெளியே நிறுத்திவிடக் கூடாது. அதற்காகப் பாதிப் பக்கம் மலையாளத்தில் போட வேண்டுமென்று கேட்கவில்லை. அப்படிச் செய்தால் இரண்டு தரப்பும் பாதித் தாளைத்தான் படிக்கும். தாளை யாராவது ஒருவர் நிதானமாக வாசித்து, ஐந்து நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். கண் மங்கிய மாமியும் கேட்பார், நானும் சமைத்துக்கொண்டே கேட்பேன். அறிவிப்புகளைப் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்பினால், கைபேசி அதைப் படித்தும் காட்டும், வேறு மொழிக்கு மாற்றியும் தரும். படமாக வந்ததால்தானே மாமிக்குத் தண்ணீர் போயிற்று.

கரமனைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. நான்கு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரே பக்கமாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாமியிடமே குரல் பதிவு செய்யச் சொல்லலாமா என்று கேட்டேன். “என் குரல் யாருக்கு வேணும்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் தானாகவே வந்து கண்ணாடியோடு உட்கார்ந்துவிட்டார். ஆஷா பணியாளரிடமும் ரேஷன் கடைக்காரரிடமும் பேசியதில், எனக்குத் தெரியாத ஆறு செய்திகள் கிடைத்தன. அவற்றில் மூன்றை எழுதக் கூடாதவை என்று ஒதுக்கிவிட்டேன்.

முதல் பத்தியை இங்கே வைக்கிறேன், திருத்திக் கொடுங்கள்:

“நவராத்திரி எழுந்தருளல் கரமனைக்கு வரும் அன்று மாலை, பாலத்திலிருந்து கிள்ளிப்பாலம் வரை வாகனம் அனுமதிக்கப்படாது. மருத்துவமனைக்குச் செல்வோர் முன்கூட்டியே சங்க அலுவலகத்தில் தெரிவித்தால் உடன் வர ஆள் ஏற்பாடு செய்யப்படும். வாசலில் விளக்கேற்றுவோர் மின்கம்பியின் கீழ்த் தோரணம் கட்ட வேண்டாம்.”

சாலைத்தெரு அச்சகத்தார்

ஐயா, நன்றாக இருக்கிறது. “அன்று மாலை” என்றால் எந்த அன்று? தேதியும் கிழமையும் இல்லை. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதைக் காவல் நிலையத்தில் கேட்டு எழுதுங்கள். அவர்களும் முந்தைய நாள்தான் உறுதியாகச் சொல்வார்கள், ஆகவே அந்த இடத்தைக் காலியாக விட்டு அச்சடித்து, பேனாவால் நிரப்பிக் கொடுங்கள். “சங்க அலுவலகத்தில் தெரிவித்தால்” என்ற இடத்தில் பொறுப்பாளர் ஒருவரின் சம்மதத்தோடு அவருடைய எண்ணைப் போடுங்கள். அலுவலகம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடும் என்று நீங்களே முன்பு ஒரு திரியில் எழுதியிருந்தீர்கள்.